வளையம் கைமாறும் பக்கம்

ஆரணி
12.6.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கிளமெண்ட் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் உடம்பு எப்படி, அந்த ஊர்ச் சாப்பாடு இன்னும் ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மெயில் அனுப்பச் சொல்லி இனி எழுதாதே. இங்கே பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தால் பின்னால் நாலு பேர் நின்று படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனிலும் வீடே சுற்றி நிற்கிறது. தபால்தான் சரி.

பார்சல் பதினெட்டு நாளில் வந்தது. நான் கேட்டது ஜப்பான் துணி டிசைன் புத்தகம். அது சரியாக இருக்கிறது. கொக்குப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சேலை டிசைன் கடை சம்பந்தம் முதலாளி, "இத்த முந்தானைல எறக்குனா மெட்ராஸ் கடைக்காரன் வாயப் பொளப்பான்டா, ஜல்தியா கிராஃப் போடு" என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்காதது, செங்கல் கனத்தில் ஒரு படக்கதை. 'பெட்டியில் இடம் காலியாக இருந்தது' என்று சீட்டு வைத்திருக்கிறாய். சாக்லேட் வைத்திருக்கலாம்.

ஆனாலும் படித்தேன். மொழி தெரியாவிட்டால் என்ன, படம் தெரியும். மலை ஊரில் ஒற்றைத் தண்டவாளம். ஒருவன் ரயில் ஓட்டுகிறவன். இன்னொருவன் ஸ்டேஷனில் நின்று டோக்கன் வளையம் கொடுக்கிறவன். ஆரணி ரோடு ஸ்டேஷனில் பார்த்திருக்கிறோமே, அந்த வளையம் கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க முடியாது. ஓடுகிற வண்டியிலிருந்து குனிந்து வாங்குவார். அதேதான். முதல் பக்கத்தில் காலி ரயில் பெட்டியில் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்குகிறான். பிறகு போகப் போக விலகுகிறார்கள். கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் யாரோ எவரோ மாதிரி நிற்கிறார்கள். சண்டையும் இல்லை, காரணமும் இல்லை. இப்படி ஒரு கதையை எவன் காசு கொடுத்து வாங்குவான்? பக்க எண் வேறு தலைகீழாக இறங்குகிறது. அச்சுப் பிழை.

நீ போய் இரண்டு வருடம் ஆயிற்று, முப்பது வயதாகிறது, பெண் பார்க்கட்டுமா என்று அப்பா கேட்கிறார். பதில் போடு.

தம்பி
கிளமெண்ட்


கனாசாவா
5.7.2003

அன்புத் தம்பி கிளமெண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே மழைக்காலம், துணி காயமாட்டேன் என்கிறது. அம்மாவை முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ புத்தகத்தைக் கடைசியிலிருந்து படித்திருக்கிறாய்! இங்கே வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். நமக்கு எது பின்னட்டையோ அதுதான் அவர்களுக்கு முன்னட்டை. பக்க எண்ணைப் பார்த்தும் அச்சுக்காரன் மேல் பழி போட்டாயே, அதுதான் நீ.

ஓகாவாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் கம்பெனியில் தறிகளுக்கு பெயின்ட் அடிக்கிற பிரிவில் இருக்கிறார், வீட்டில் பாதி வாடகை அவருடையது என்று முன்பே எழுதியிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு, "அப்படிப் படித்தாலும் அது உலகத்தில் நடக்கிற கதைதான்" என்றார்.

புத்தகம் அவருடையதுதான். பத்திரமாக வைத்திரு. மறுபடி படி.

கல்யாணப் பேச்சு இந்த வருடம் வேண்டாம் என்று அம்மாவிடம் பதமாகச் சொல். நீ பதமாகச் சொல்லமாட்டாய், தெரியும். முயற்சி செய்.

அன்புடன்
பிலவேந்திரன்


ஆரணி
24.7.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஒத்தடம் கொடுக்கிறாள்.

மறுபடி படித்தேன். மூன்று முறை. இத்தனை நாள் டிசைன் வேலை செய்கிறேன், ஒரு படத்தைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

கையுறையைத்தான் சொல்கிறேன். அவர்கள் மாட்டிக்கொள்ளவில்லை, கழற்றுகிறார்கள். 41-ஆம் பக்கத்தில் வளையம் கைமாறும்போது இருவர் கையிலும் தடித்த கையுறை. 118-இல் ஸ்டேஷன்காரன் வலது கையுறையைப் பாக்கெட்டில் செருகியிருக்கிறான். டிரைவர் அதைப் பார்க்கிறான், பார்த்தது மட்டும்தான் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. 207-இல் டிரைவரும் வெறுங்கை. ஓடுகிற வண்டியிலிருந்து இரும்பு வளையத்தை வெறுங்கையில் வாங்கினால் தோல் உரியும். இரண்டு பேரும் வேலை தெரிந்தவர்கள். தெரிந்தே கழற்றியிருக்கிறார்கள். வண்டி ஸ்டேஷனைத் தாண்டுகிற அரை செகண்டுக்காக!

ஸ்கேல் வைத்து அளந்தேன். முதல் கைமாறலில் இரண்டு கைகளுக்கும் நடுவே பதினெட்டு மில்லிமீட்டர். பிறகு பதினொன்று. பிறகு ஆறு. 207-இல் ஒன்றரை. தொடவே இல்லை. அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் படம் போட்டவர் ஒன்றுமே வரையவில்லை, வெள்ளைத் தாள். அங்கேதான் ஸ்கேலைக் கீழே வைத்தேன். என் வேலையில் கிராஃப் கட்டம் கறுப்பு அல்லது வெள்ளை. தறிக்குப் போகும் அட்டையில் ஓட்டை உண்டு அல்லது இல்லை. நடுவில் எதுவும் கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேரடியாகக் கேட்கிறேன். இது நட்பு இல்லை. இவன் அவனைக் காதலிக்கிறான், அவனும் இவனை. இது புத்தகத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? 207-ஆம் பக்கத்தில் இரண்டு பேச்சு பலூன் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஓகாவாவிடம் கேட்டு உடனே எழுது. உடனே.

கல்யாணம் வேண்டாம் என்று பதமாகச் சொன்னேன். அப்பா, "அவன் சொல்லட்டும், நீ இன்னா அவனுக்கு வக்கீலா?" என்றார்.

தம்பி
கிளமெண்ட்


கனாசாவா
30.8.2003

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? தாமதத்துக்குக் காரணம் வேலை என்று வைத்துக்கொள். நடுவில் நாலு நாள் காய்ச்சல் வந்து போயிற்று. ஓகாவா லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக்கொடுத்தார். அம்மாவிடம் காய்ச்சலைச் சொல்லாதே.

நீ கேட்ட பக்கம். ஸ்டேஷன்காரன், "மழை வரும்போல" என்கிறான். டிரைவர், "ஆமாம்" என்கிறான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது.

காதல் என்ற சொல் முந்நூறு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லையாம். படிப்பவர்கள் இங்கே இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். வெறும் நண்பர்கள் என்று ஒரு கட்சி. இல்லை என்று இன்னொரு கட்சி. அவர்கள் மிச்சக் கதையைத் தாங்களே வரைந்து சந்தை போட்டு விற்கிறார்கள். வரைந்தவர் மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

நீங்கள் எந்தக் கட்சி என்று ஓகாவாவைக் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஸ்கேல் வைத்து அளந்ததைச் சொன்னேன். உன் தம்பியைப் பார்க்கவேண்டும் என்றார்.

அன்புடன்
பிலவேந்திரன்


ஆரணி
21.9.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். காய்ச்சலைச் சொல்லவில்லை.

"மழை வரும்போல." "ஆமாம்." இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் அந்த இடத்தில் அரைப் பக்கம் வசனம் எழுதியிருப்பேன், எல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

போன வாரம் ஜக்கார்டு அட்டை வாங்க நெசவாளர் மாணிக்கவேல் அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். புத்தகம் மேசையில் இருந்தது.

"இன்னாடா இது, எழுத்தெல்லாம் கோழி கெளறுன மாரி கீது?"

"ஜப்பான் படக்கதைண்ணா. அந்த ஊர்ல மாங்கான்னு பேரு."

"மாங்காவா? அப்ப உப்பு மொளகாத்தூளு எங்க?"

சிரித்துக்கொண்டே புரட்டியவர் 207-இல் நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யார்ரா இவனுங்க?"

"ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் ஸ்டேஷன் ஆளு."

"அது தெரியுது. இன்னா ஒறவுன்னு கேக்கறேன்."

"நீங்கதான் சொல்லுங்களேன்."

"கட்டவெரல் நடுங்குது பாரு. கோடுன்னா அசையாம கெடக்கறது. அது நடுங்கறா மாரி எப்டிடா போட்டான்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணத்துக்கு முன்னாடி கலசப்பாக்கம் சந்தைல எங்க வூட்டுக்காரி சின்னபொண்ணு என் கைல வெத்தல குடுத்தா. அன்னிக்கு நான் இப்டிதான் நின்னுகினு இருந்தேன்" என்றார்.

"ரெண்டும் ஆம்பளைங்கண்ணா."

"கண்ணு தெரியாமயா கேட்டேன்? அவங்களுக்கு அப்டி கீது. உனுக்கு இன்னா பேஜாரு அதுல?"

அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாம் வகுப்பு படித்தவர். எனக்கு மூன்று முறை படித்து, ஸ்கேல் வைத்து அளந்து தெரிந்தது, அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போளூரிலிருந்து ஒரு சம்பந்தம். பெண் பெயர் ரீனா, ஸ்கூல் டீச்சர், இருபத்தாறு வயது. போட்டோ இதனுடன் இருக்கிறது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அம்மா உன் பழைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ 'பார்க்கலாம்', 'பிறகு' என்று எழுதி எழுதி எல்லோரையும் சாகடிக்கிறாய். ஆம் அல்லது இல்லை. ஒரு வார்த்தை. இழுக்காதே.

தம்பி
கிளமெண்ட்


கனாசாவா
10.11.2003

அன்புள்ள கிளமெண்டுக்கு,

நான் நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

அப்பாவின் விருப்பப்படி செய்யலாம். நம் சர்ச் பங்குச் சாமி கேட்டிருந்த சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு, இங்குள்ள சர்ச் சாமியிடம் முத்திரை வாங்கி இணைத்திருக்கிறேன். பிப்ரவரி 4 எனக்கு வசதிப்படும். ஜனவரி 30-க்கு டிக்கெட் எடுக்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலை அதிகம்.

இப்படிக்கு
பிலவேந்திரன்


ஆரணி
5.1.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அங்கே நீ நலமாக இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று ஞாயிறு பூசையில் உன் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். "பிலவேந்திரன், ரீனா, இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." சின்ன வயதிலிருந்து ஆயிரம் ஓலை கேட்டிருக்கிறேன். அந்த வரி வரும்போது எல்லோரும் இருமுவார்கள், குழந்தையைச் சரிசெய்வார்கள். எனக்கும் அது ஒரு வழக்கம்தான். நேற்று அந்த வரி என்னைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசைப்படுத்தினேன். முப்பத்தொன்று. முதல் ஒன்பதில் ஓகாவா இல்லை. பத்தாவதில் 'பெயின்ட் ஷாப்பில் ஒருவர்'. பன்னிரண்டாவதில் பெயர் வருகிறது. அதற்குப் பிறகு அவர் இல்லாத கடிதமே கிடையாது. சைக்கிள் செயின் மாட்டியது, பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு அழுதது, உன் பெயரை வாயில் நுழையாமல் 'பிரா-சான்' ஆக்கியது, கஞ்சி, தேநீர். மொத்தம் அறுபத்திரண்டு இடம். உன் கம்பெனி முதலாளி பெயர் இரண்டே இடம்.

நவம்பர் கடிதத்தில் மட்டும் ஓகாவா ஓரிடத்திலும் இல்லை. 'இறைவனை வேண்டுகிறேன்' இருக்கிறது. நீ எப்போது அப்படி எழுதியிருக்கிறாய்? கையெழுத்துகூட உன்னுடையது மாதிரி இல்லை, நல்ல கையெழுத்து. அந்தத் தாளை அன்றே, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், அப்பாவிடம் கொடுத்தவன் நான். ஆம் அல்லது இல்லை என்று உன் கழுத்தில் கத்தி வைத்தவனும் நான்தான். ஒரு படக்கதையில் பாக்கெட்டில் செருகிய கையுறையைக் கண்டுபிடித்தவன், அதை யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்று ஏழு மாதம் பார்க்கவில்லை.

பெட்டியில் இடம் காலியாக இருந்ததா, அண்ணா?

என் கேள்வி உனக்குத் தெரியும். எதையும் நான் எழுதாமல் விட்டதில்லை. இதை விடுகிறேன். தாளை வழியில் யாரும் பிரிக்கலாம்.

இரண்டாவது ஓலை 11-ஆம் தேதி, மூன்றாவது 18. மூன்றும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. இந்தக் கடிதம் போக ஒன்பது நாள், பதில் வர ஒன்பது நாள். கணக்கு இடிக்கிறது. அதனால் போகியன்று, 14-ஆம் தேதி, உன் வேலை முடிகிற நேரம் பார்த்து பூத்திலிருந்து போன் செய்கிறேன். நீயே எடு.

தம்பி
கிளமெண்ட்


ஆரணி
26.1.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போகியன்று போன் செய்தேன். ஓகாவா எடுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பிலவேந்திரன் தம்பி என்றேன். "பிரா-சான் நோ. டார்மிட்டரி" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நவம்பர்." அதற்குமேல் அவருக்கும் இங்கிலீஷ் இல்லை, எனக்கும் ஜப்பான் பாஷை இல்லை. ஆனால் அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. ஒரு நிமிடம் இருக்கும். சரி வைக்கலாம் என்று நினைத்தபோது அவர் சொன்னார்: "சாப்ட்டியா?"

தமிழில். நம் வீட்டில் சொல்கிற அதே இழுவையில். ஒரு வெளிநாட்டுக்காரர் வாயில் அந்த வார்த்தை அப்படி உட்காரவேண்டுமென்றால் எத்தனை நாள், எத்தனை வேளை அது அவர் காதில் விழுந்திருக்கவேண்டும்! "சாப்ட்டேன். நீங்க?" என்றேன்.

"இல்ல" என்றார்.

அவ்வளவுதான். பதினேழாம் தேதி சனிக்கிழமை பங்குச் சாமியைப் பார்க்க சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

"சாமி, எங்க அண்ணன் ஓலைக்குத் தடை கீது."

"என்ன தடை? வேற பொண்ணா?"

"இல்ல சாமி."

"பிறகு? அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரேப்பா."

"கை போட்டுச்சு. மனசு போடல."

"உன்கிட்ட அப்படிச் சொன்னாரா?"

"சொல்லல. முப்பத்தியொரு கடுதாசி படிச்சேன்."

சாமி என்னையே பார்த்தார். "காரணம் சொல்லமாட்டியா?"

"என்னுது இல்ல சாமி அது. எப்டி நான் சொல்றது?"

"உன் பேர்லதான் எழுதிக்கணும். நீ நினைச்சது தப்பா இருந்தா, ஒரு பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்தவன்னு ஊரு உன்னைத்தான் சொல்லும்."

"எழுதிக்குங்க."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. மற்ற இரண்டு ஜோடிப் பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் சட்டையைப் பிடித்தார். "இன்னாடா தடை? குடிகாரனா அவன்? வேற குடும்பம் வெச்சிகினு கீறானா? வாயத் தொறடா!" நான் திறக்கவில்லை. என்னால் இது முடியும் என்று நீ நம்பியிருக்கமாட்டாய். நானே நம்பவில்லை. கையை ஓங்கினவர் அடிக்காமல் இறக்கிவிட்டார். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

சனிக்கிழமை ரீனா கடைக்கே வந்துவிட்டாள். போளூர் பஸ்ஸில், தனியாக. சம்பந்தம் முதலாளி எழுந்து வெளியே போனார்.

"உங்க அண்ணனுக்கு என்னைப் புடிக்கலையா?"

"உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

"அப்ப எதுக்குங்க கையெழுத்துப் போட்டாரு? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்துட்டேன். இனிமே நான் நடந்து போனா, 'அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ கொறை'ன்னுதான பேசுவாங்க? ஆம்பளைங்க பேசாம இருந்தா பெரிய மனுசத்தனம்னு நெனச்சிகினு இருக்கீங்க எல்லாரும்."

"தடை சொன்னது நான்தான், கொறை எங்க பக்கம்தான்னு சாமியே வந்து உங்க ஊர்க் கோயில்ல சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

"சொல்லட்டும்." கதவருகே போய் நின்றாள். "அவருக்கு மனசு இல்லைன்னு கல்யாணம் ஆனப்பறம் எனக்குத் தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். அதுக்கு நீங்க செஞ்சது தேவலைதான். ஆனா உங்களுக்கு நன்றி சொல்ல வாய் வரலைங்க."

அவள் சொன்ன ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் நீ என் முகத்தில் விழிக்கவேண்டாம். சரியாக இருந்தால் அவர் சாப்பிட்டாரா என்று போய்ப் பார்.

தம்பி
கிளமெண்ட்


கனாசாவா
9.2.2004

என் அன்புத் தம்பி கிளமெண்டுக்கு,

நான் நலம். மூன்று மாதத்துக்குப் பிறகு இதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பா பேசாத வீட்டில் சாப்பாடு இறங்காது, எனக்குத் தெரியும்.

உன் ஜனவரி ஐந்தாம் தேதிக் கடிதம் பழைய வீட்டுக்கு வந்திருக்கிறது. ஓகாவா அதைப் பிரிக்காமல், பனியில் சைக்கிளில் ஏழு கிலோமீட்டர் எடுத்துவந்து, நான் மாறிப்போயிருந்த கம்பெனி டார்மிட்டரி வாசலில் என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார். படித்தேன். பதில் எழுதத் தைரியம் இல்லை. நாலு நாள் கழித்து அப்பா கம்பெனிக்குப் போன் செய்தார். "நீ வர வேணாம்" என்று மட்டும் சொன்னார். நீ என்ன செய்திருப்பாய் என்று அப்போதே புரிந்தது. இரண்டாவது கடிதம் வந்த அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓகாவா இருக்கும் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டேன்.

நீ எழுதாமல் விட்ட கேள்விக்கு நான் எழுதிவிடுகிறேன். யார் பிரித்தாலும் பிரிக்கட்டும். ஓகாவாவும் நானும் சேர்ந்து வாழ்கிறோம். நண்பர்களாக அல்ல. இதை எந்த மொழியிலும் ஒரு தாளில் நான் எழுதியதில்லை. எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டபோது பேனா மை வாங்கி வைத்ததே அவர்தான். தடுக்கவில்லை. "உன் வீடு பெரியது, நான் ஒருவன்தானே" என்றார். நானும் அதை ஒப்புக்கொண்டேன். ரீனாவைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. போட்டோவை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது தலை குனிகிறது.

போகியன்று ஏன் போனை வைக்கவில்லை என்று ஓகாவாவைக் கேட்டேன். உன் குரல் என் குரல் மாதிரியே இருந்ததாம். அது இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாராம்.

மார்ச் 13, சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் இறங்குகிறேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன். இதுவரை நீ சுமந்தது போதும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லிவைக்காதே.

உன்
பிலவேந்திரன்


ஆரணி
21.2.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடு இறங்குகிறது. அப்பா இன்னும் பேசவில்லை. ஆனால் நேற்று நான் குழம்புக்கு எட்டியபோது சட்டியை என் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்காமல்தான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அந்த ஒரு வரிக்கு வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்து, "இன்னாடா, கரண்ட் கீதே, மிஷின ஏன் நிறுத்திட்ட?" என்றார். எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். தெரிந்திருப்பது வேறு, ஒருவர் கையால் எழுதி அனுப்புவது வேறு என்று அப்போதுதான் கண்டேன். ஏழு கிலோமீட்டர், பனியில், பிரிக்காமல் என்று எழுதியிருக்கிறாயே, அதையும் நாலைந்து முறை படித்தேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவிடம் பிறகு சொல்லலாம். ஊருக்குள் வருவதற்கு முன் போளூர் போய் ரீனாவிடம் நீயே பேசு. காரணம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். மன்னிப்பு மட்டும் கேள். அவள் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று கேள். நான் கூட வருகிறேன். அது முடிந்த பிறகுதான் நம் வீடு.

மார்ச் 13 காலை ஏர்போர்ட்டில் நிற்பேன். வண்டிக்கு ஏற்பாடு செய்யவேண்டும், அதனால் ஒரு விவரம் வேண்டும். வருவது ஒருவர் என்றால் பஸ்ஸிலேயே வந்துவிடலாம். இருவர் என்றால் மாணிக்கவேல் அண்ணன் மச்சானிடம் கார் இருக்கிறது, பேசிவிடுகிறேன்.

ஜல்தியாகப் பதில் போடு.

தம்பி
கிளமெண்ட்